கையைத் தூக்கியும் நிற்காத சங்கீதம்

பல் டாக்டருக்கு அந்தக் கிறுக்கு பிடித்தபோது வயது நாற்பத்தாறு. கிறுக்கு என்பது அவளுடைய அண்ணன் சொன்ன வார்த்தை. அவனும் பல் டாக்டர்தான். இருவரும் சேர்ந்து ஒரே கிளினிக்கை நடத்தினார்கள், அடுத்தடுத்த அறைகளில்.

"பகல் பூரா ஊரார் வாய்ல டிரில்லை விட்டு சத்தம் பண்ற. சாயங்காலமாவது உன் காதுக்கு ஓய்வு குடுக்கக் கூடாதா?" என்பான்.

அவளுக்கு அது எப்படிப் பிடித்தது என்றால், மழையால். வெளியூரில் ஒரு டாக்டர்கள் மாநாடு. மத்தியானக் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைத்தெருவில் நடந்தவள், மழைக்குப் பயந்து ஒரு சின்ன அரங்கத்துக்குள் ஒதுங்கினாள். உள்ளே ஒரு ஆள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டி நிறைய திருகுகள், துளைகள், விளக்குகள். நூடுல்ஸைக் கொட்டிவிட்டதுபோல மேலே ஒயர்கள். பியானோக் கட்டை மாதிரி எதுவும் இல்லை. அவன் ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். திடுக்கிட்டுவிட்டு, சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளை உலுக்கிவிட்டது. தன் கை செய்த வேலையைப் பார்த்து ஒருத்தன் திடுக்கிடலாம், திடுக்கிட்டுச் சந்தோஷப்படலாம் என்பதே அவளுக்குப் புதுசு. அவளுடைய தொழிலில் டாக்டர் வாயிலிருந்து ஒரு "அடடா" வந்தால் போதும், நாற்காலியில் படுத்திருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். அங்கே எல்லாம் நினைத்தபடியே நடக்க வேண்டும். இருபது வருஷமாக எல்லாம் நினைத்தபடியே நடந்துகொண்டும் இருந்தது.

ஊர் திரும்பியதும் விசாரித்தாள். அதற்கு மாடுலர் சிந்தசைசர் என்று பெயராம். முழு வாத்தியமாகக் கடையில் கிடைக்காது. துண்டு துண்டாக வாங்கி நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு சத்தத்தை உண்டாக்கும். இன்னொன்று அந்தச் சத்தத்தின் கூர்மையைச் சீவும். மற்றொன்று தாளம் போடும். எது எதோடு பேச வேண்டும் என்பதை ஒயர்தான் தீர்மானிக்கும். இதில் ஒரு வேடிக்கை, எதையும் பத்திரப்படுத்த முடியாது. இன்றைக்கு அருமையாக ஒன்று அமைந்தால், ஒயரைப் பிடுங்கியதும் அது போயே போச்சு. நாளைக்கு அதே துளைகளில் அதே ஒயர்களைச் செருகினாலும் அதன் தங்கைதான் வரும், அது வராது.

கிளினிக்குக்கு மேலே ஒரு சாமான் அறை. நோயாளிகளின் பல்வரிசையை அச்செடுத்த மாவுக்கட்டு வார்ப்புகளை அங்கேதான் அலமாரிகளில் அடுக்கியிருந்தார்கள். அந்த அறையில் மேசை போட்டுக்கொண்டாள். நாலு பக்கமும் ஊரே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். தினமும் கிளினிக் முடிந்ததும் மேலே போய்விடுவாள். ஒரு திருகைத் திருகிவிட்டுக் காத்திருப்பாள். பெட்டி பதில் சொல்லும். சில நாள் முரண்டு பிடிக்கும். சில நாள் அவள் கேட்காததையெல்லாம் அள்ளிக் கொடுக்கும். அவள் வாழ்க்கையில் அவளை எதிர்த்துப் பேசிய முதல் சாமான் அதுதான். அதனாலேயே அவளுக்கு அதை விட முடியவில்லை.

அவள் புருஷன் ஒருநாள் படியேறி வந்து, கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "தண்ணி வராத மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு" என்றார். கீழே இறங்கும்போது, "ஆனா நல்ல மோட்டார்" என்றும் சொன்னார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க அவளுக்கு ஒன்றுமில்லை.

முதல் கச்சேரி ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் நடந்தது. கூட்டம் ஒரு வேனுக்குள் அடங்கும். அண்ணனும் வந்திருந்தான். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டது. எந்த ஒயர் காலை வாரியது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. கடைசியில் ஒரு "டொம்" என்ற சத்தத்தோடு பெட்டிக்கு உயிர் வந்தது. முன்பிருந்த சத்தம் போய், வேறெதுவோ, கரடுமுரடாக. அதைப் பிடித்துக்கொண்டே போய் முடித்தாள். முடித்தபோது முகமெல்லாம் பல்.

அண்ணனுக்குச் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"என் தங்கச்சி நாலு பேர் முன்னாடி ஒயரைப் பிடிச்சுக்கிட்டு திருதிருன்னு முழிக்கிறா. அதை நான் உக்காந்து பாக்கணுமா?"

"அதுதான்ணா நல்லா இருந்த இடமே."

"உனக்கு மூளை கலங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.

அந்தக் கூட்டத்தில் இருந்த யாரோ சொல்லி, பெரிய அரங்கத்தின் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நிகழ்ச்சி, முந்நூறு நாற்காலி. குளுகுளு அறையில் உட்காரவைத்து, எல்லாம் பேசி முடித்த பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு ரெக்கார்டிங் மட்டும் குடுத்துடுங்க மேடம். சும்மா, பாதுகாப்புக்கு. உங்க மிஷின் மக்கர் பண்ணா நாங்க அதைப் போட்டு விட்டுடுவோம். நீங்க பாட்டுக்குத் திருகிக்கிட்டே இருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க மேடம்."

"நான் பண்றதில்ல. மக்கர் பண்ணா பண்ணட்டும். அதையும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன்."

மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்க இஷ்டம்" என்றார். கீழ்வரிசையில் இரண்டு சொத்தை இருப்பதை அவள் கவனித்தாள், சொல்லவில்லை.

அந்த வாரமே அண்ணன் ஒரு அதிசயம் செய்தான். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "நீ வாசிக்கிறதை ஒண்ணு பதிவு பண்ணிக் குடேன். கார்ல போகும்போது கேக்கிறேன்" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மேலே போய், அமைதியாக, எங்கும் பிசிறில்லாமல் ஒன்று வாசித்து அனுப்பினாள். அண்ணனுக்கு முரட்டுச் சத்தம் ஆகாது என்று பார்த்துப் பார்த்து வாசித்தாள்.

நிகழ்ச்சி நாள் வந்தது. மேடை விளக்குகளின் சூடு நேராகப் பெட்டிமேல் இறங்கியது. இந்தப் பெட்டிக்குச் சூடு ஆகாது, ஸ்ருதி நழுவும். ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த பெட்டியின் இரண்டு குரல்களில் ஒன்று மெல்லக் கீழே சரிய ஆரம்பித்தது. இரண்டும் உரசிக்கொண்டு, அந்த உரசல் அலை அலையாக அரங்கத்தில் அடித்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சரிவதைத் தூக்கி நிறுத்தாமல், இன்னும் கொஞ்சம் சரியட்டும் என்று விட்டாள். முன்வரிசையில் ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த உரசல் பட்டென்று நின்றது. அந்த இடத்தில் அமைதியாக, பிசிறில்லாமல், ஒரு இனிமையான சங்கீதம் வந்தது.

பெட்டிதான் தானாக மாறிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். திருகைத் திருகினாள். சங்கீதம் அசையவில்லை. கோடிவரை திருகினாள். ஊஹூம். சவுண்ட் மேசைப் பக்கம் பார்த்தாள். சவுண்ட் ஆபரேட்டர், இளவயதுப் பெண், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது வரிசையில் அண்ணன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசித்து அவன் தலையாட்டியதே கிடையாது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரில் கேட்க என்று அண்ணன் வாங்கிய பதிவு அது.

பேசாமல் இருந்துவிடலாம். கொஞ்ச நேரம் அவள் கையும் பழக்கத்தில் திருகிக்கொண்டுதான் இருந்தது, சங்கீதத்துக்குத் தகுந்தாற்போல, வெகு அழகாக. தன் கை தனக்கே நடித்துக் காட்டுவதைப் பார்த்தாள். ரத்தம் தலைக்கேறியது.

இரண்டு கையையும் மேலே தூக்கினாள். போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டினால் தூக்குவதுபோல. சங்கீதம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ வித்தை என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அவள் ஒரு ஒயரைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சங்கீதம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஒயர். அதற்கும் அசையவில்லை. ஒவ்வொன்றாக, நிதானமாக, பல்லைப் பிடுங்குகிற பொறுமையோடு எல்லாவற்றையும் பிடுங்கி, கழுத்தில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் நகர்ந்து வந்தது. கடைசியாகப் பெட்டியின் சுவிட்சையே அணைத்தாள். விளக்குகள் எல்லாம் அவிந்தன. பெட்டி மொட்டையாக, இருட்டாக நிற்க, ஸ்பீக்கரிலிருந்து சங்கீதம் மட்டும் ஜோராக வந்துகொண்டிருந்தது. அரங்கமே சிரித்தது.

மைக்கை எடுத்தாள். "இப்ப நீங்க கேக்கிறது நான் எங்க அண்ணனுக்காக வீட்ல வாசிச்சது. இதைக் கேக்க நீங்க இவ்வளவு தூரம் வரவேண்டாம், நானும் வரவேண்டாம். அதை நிறுத்துங்கம்மா."

ஆபரேட்டர் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் மறுபடி மேடையைப் பார்த்தாள். கழுத்து நிறைய ஒயரோடு நிற்கிற டாக்டரைப் பார்த்தவள், கையை நீட்டிச் சங்கீதத்தை இறக்கிவிட்டாள். அரங்கம் நிசப்தமானது.

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். நல்லா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். போறவங்க தாராளமா போகலாம்."

காதைப் பொத்திய அம்மாள் எழுந்து போனாள். அவளோடு இன்னும் பலர். மேனேஜர் விறுவிறுவென்று மேடையேறி வந்து, பெட்டியின் மூடிமேல் கையை வைத்தார்.

"போதும் மேடம். மானம் போகுது."

"யாரோடது?"

"நேரமும் முடிஞ்சு போச்சு."

"முடியல. கையை எடுங்க. இது என் பெட்டி."

அவர் எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு குரல், "எடுய்யா கையை!" என்றது. அப்புறம் இன்னொரு குரல். மேனேஜர் எடுத்தார்.

சுவிட்சைப் போட்டாள். கழுத்திலிருந்து ஒரு ஒயரை உருவிச் செருகினாள். வெறும் ரீங்காரம், மொட்டையாக. அதை அப்படியே நிற்கவிட்டாள், கூட்டம் நெளிகிறவரை. இரண்டாவது ஒயர். இரண்டாவது குரல், கொஞ்சம் விலகி, உரசிக்கொண்டு. இந்த உரசலைத்தானே வேண்டாமென்று மூடினீர்கள் என்று அதையே பிடித்து இழுத்தாள். அலை பெரிதாகி நாற்காலிகளின் அடியில் புகுந்தது. தாளத்தைக் கொடுத்தாள், நொண்டித் தாளம். அவசரத்தில் ஒரு ஒயர் பக்கத்துத் துளையில் போய்விட்டது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல ஒரு சடசடப்பு. அவள் திடுக்கிட்டாள். சிரித்தாள். அந்த ஒயரை மாற்றவே இல்லை.

உச்சத்துக்குப் போனபோது ஒரே ஒரு ஒயரை உருவினாள். எல்லாம் அறுந்தது. கை தட்டினவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் பார்த்து அவள் கும்பிட்டாள்.

இறங்கும்போது மேனேஜர், "இனிமே இந்த மேடையில நீங்க கால் வைக்க முடியாது" என்றார்.

"சரி. அந்தக் கீழ் வரிசைப் பல்லை யார்கிட்டயாவது காட்டுங்க" என்றாள்.

அண்ணன் கார் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"கார்ல கேக்கிறேன்னுதானே வாங்கின."

"மேனேஜர் கேட்டார், உன் நல்லதுக்குத்தான் குடுத்தேன்." அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். "நீ அங்க திணறினா எனக்கு இங்க உயிர் போகுது. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

"தெரியும்ணா. ஆனா விழுந்தா நான் விழறேன். என்னை நகர்த்திட்டு என் இடத்துல எதையோ நிக்க வெச்சு, அதுக்குத் தலையாட்டாத. அது எனக்குப் பொறுக்காது."

"பேஷன்ட்ஸ் நாலு பேர் வந்திருந்தாங்க. நாளைக்கு உன்கிட்ட யார் வாயைத் திறப்பாங்க?"

"திறக்கலன்னா மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் அண்ணன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பஞ்சு வேண்டுமானாலும் நர்ஸ் மூலம் கேட்டனுப்பினான். அவளும் நர்ஸ் மூலமே கொடுத்தனுப்பினாள். நர்ஸுக்குத்தான் கால் வலித்தது.

ஒருநாள் ஆபரேட்டர் பெண் போன் செய்தாள். "மேடம், அன்னிக்கு அவர் சொன்னார்னு பண்ணிட்டேன். மனசே சரியில்ல. எங்க சித்தப்பாவோட குடோன் ஒண்ணு காலியா இருக்கு. ஸ்பீக்கர் நான் கொண்டு வரேன். என்கிட்ட உங்க ரெக்கார்டிங் எதுவும் இருக்காது, சத்தியமா."

டாக்டர் போஸ்டர் அடித்தாள். ஒன்றை எங்கே ஒட்டுவது என்று யோசித்து, ஸ்டூல்மேல் ஏறி, நோயாளி நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒட்டினாள். வாயைத் திறந்து படுத்திருப்பவருக்குப் பார்க்க வேறு எதுவுமே இல்லாத இடம்.

அண்ணன் ஏதோ எடுக்க வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"இது ஆஸ்பத்திரி."

"ஆமா."

"எடு அதை."

"எடுக்க மாட்டேன்."

அவன் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"இந்தத் தடவையும் நடுவுல நின்னு போகுமா?"

"போகலாம். போனா நான் அங்கதான் நிப்பேன்."

"வந்தா கடைசி வரிசையிலதான் உக்காருவேன். கதவுக்குப் பக்கத்துல."

"உன் இஷ்டம். குடோன் கதவு பெரிசு."

அவன் தன் அறைக்குப் போனான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.