பூனையும் வாயாடியும்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரர்களெல்லாம் மெல்ல உட்கார்ந்துகொள்ளுங்கள். எட்டு வயதுக்காரி ஒருத்தியின் கதை இது. வீட்டில் அவளைப் பூனை என்பார்கள், பள்ளிக்கூடத்தில் வாயாடி என்பார்கள்.

அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் இராத்திரி வேலை. மத்தியானம் படுத்தால் இருட்டும்போதுதான் எழுவார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அதனால் வீட்டில் எல்லாமே குசுகுசுப்புதான். லீவு நாளிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அடக்கிவைத்த பேச்சையெல்லாம் அவள் வகுப்பில், பக்கத்து இடத்துத் தோழி குண்டூசியிடம் கொட்டினாள். அப்பா அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி டீச்சர் ஆள் அனுப்பிவிட்டார். வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறார்களாம்! குண்டூசி இல்லாத வகுப்பா?

"வாயே மூடமாட்டேங்குறா" என்றார் டீச்சர்.

தூக்கக் கண்ணோடு வந்திருந்த அப்பா, அம்மாவைப் பார்த்தார். "வேற யாரையோ சொல்றீங்க டீச்சர். எங்க பூனையா? வாயில விரலை வச்சாக்கூட கடிக்கத் தெரியாதே!"

"பூனையா! தினம் என் காதுல ரத்தம் வருது சார்!"

"மிரட்டாதீங்க டீச்சர், அப்புறம் சுத்தமா பேசாது" என்றாள் அம்மா.

"அப்படி ஒரு நாள் வருமா?"

அப்பாவுக்கு ஆவல். "கிளாஸ்ல என்னடா கண்ணு பேசுவ? சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். எதிரில் அப்பா. குரல் தானாகவே இறங்கி, காற்றுதான் வந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் அம்மா.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அப்பா குனிந்து, "நான் முழிச்சிக்கிட்டுதானேம்மா இருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்தது.

"அப்பா! நேத்து குண்டூசி தும்மினாளா, ஆடுற பல்லு பறந்துச்சா, டீச்சரோட டீ பக்கமா போச்சா, உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம், அதுக்குள்ள டீச்சர் மடமடன்னு..."

டீச்சர் முகம் வெளுத்தது. "எந்த டீ?"

"வெளியதான் டீச்சர்! உங்க செருப்புக்குள்ள கிடைச்சுது!"

அப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சரும் அடக்கிப் பார்த்துத் தோற்றுப் போனார்.

"இங்கயே இருக்கட்டும். அந்தப் பிரிவுக்கு அனுப்பினா அந்த டீச்சர் என்னை உயிரோட விடமாட்டாங்க. ஆனா பாடம் நடக்குறப்ப வாயைத் திறக்கக் கூடாது!"

"கிளாஸ்ல பூனையா இரு. நான் எழுந்ததும் மிச்சம் வைக்காம கொட்டிடு" என்றார் அப்பா.

அன்று இராத்திரி வேலைக்குக் கிளம்பியவர், ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்று, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாதான் அவரைத் தள்ளி அனுப்பினாள்.

வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று உங்கள் பிள்ளைகளும் இருந்திருப்பார்களே, எப்படி மாட்டிக்கொண்டார்கள்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.