அக்காவுக்கு விட்ட இடம்

வசந்தினி மொன்றியலில் வீடு மாறிய மூன்று தடவையும் பங்கர் பின்னாலேயே வந்துவிட்டது. இப்போது அது செயின்ட்-மிஷேலில், பின்வளவுக் குப்பைப் பெட்டிக்கும் பிள்ளையின் ஊஞ்சலுக்கும் நடுவில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரை, இடம்பெயர்ந்த ஒவ்வோரிடத்திலும் குடும்பமாக வெட்டிய அதே பதுங்குகுழி. மேலே அதே பனங்குற்றிகள். வாசலில் அம்மாவின் கூறைச்சேலையை வெட்டித் தைத்த அதே மண்மூட்டைகள், சரிகைகூட மங்கவில்லை. உள்ளே எந்நேரமும் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சித்திரை வெயில். வெளியே மைனஸ் முப்பது என்றால் மேல்மாடி ஹெயிட்டிக்காரி அதற்குள் தக்காளி பழுக்க வைப்பாள். தபால்காரர் சப்பாத்தைக் கழற்றிக் கால் காயவைத்து, மெர்சி சொல்லிப் போவார். ஆறு பேருக்கென வெட்டியது. யூன் மாத வாணவேடிக்கைக்குப் பயந்து வசந்தினி ஒருமுறை உள்ளே பாய, என்னவோ ஏதோ என்று பின்னால் இறங்கிய தெருச்சனம் நாற்பத்தொரு பேரும் நான்கு நாய்களும் தாராளமாக இருந்தார்கள். அப்போதும் அவளுடைய வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் வெறுமையாகவே கிடந்தது. அதில் இருக்கப் போனவர்கள் தாங்களாகவே வழுக்கி அடுத்த பக்கம் போனார்கள்.

அது அக்கா அஜந்தாவின் இடம். அப்போது அக்காவுக்குப் பதினேழு, வசந்தினிக்குப் பதினான்கு. செல் குண்டு விழ விழ அக்கா விஞ்ஞானக் கேள்வி கேட்பாள், பதில் பிழைத்தால் குட்டு. வசந்தினி செல்லைவிடக் குட்டுக்குத்தான் கூடப் பயந்தாள். ஒரு காலை, "இதயத்துக்கு எத்தினை அறை? யோசிச்சு வை. என்ர இடத்தையும் பிடிச்சு வை, வாறன்" என்று சொல்லி வாளியோடு கஞ்சி வாங்கப் போனாள். கஞ்சி வரிசையில் செல் விழுந்தது. அக்காவும் கிடைக்கவில்லை, வாளியும் கிடைக்கவில்லை. வசந்தினி இடத்தைப் பிடித்து வைத்தாள், பதினாறு வருடம். மெட்ரோவில்கூட வலப்பக்க இருக்கையில் கைப்பையை வைத்து, பையை எடுக்கச் சொன்னவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்கினாள்.

சென்ற புரட்டாதியில் வீட்டுக்காரர் பின்வளவுக்குக் கொங்கிறீற் போடப்போவதாக அறிவித்தார். மகள் லக்சனா ஏற்கெனவே இரண்டு தரம் குழிக்குள் விழுந்திருந்ததால், கணவன் ஜெறோமும் அவர் பக்கம் சாய்ந்தான்.

"மூடுவம் வசந்தினி. அவ வாறதெண்டா இவ்வளவுக்கு வந்திருப்பா."

"வந்து, பங்கரைக் காணேல்லையெண்டா எங்க போவா?"

ஜெறோமுக்கும் மட்டக்களப்பில் காணாமற்போன ஓர் அண்ணன் உண்டு. ஆனாலும் சனிக்கிழமை காலை லொறியில் மண் வந்து இறங்கியது.

கூறையை வேறொருவர் தொடக்கூடாதென்று வசந்தினியே கத்தரிக்கோலோடு குந்தினாள். முதல் மூட்டையின் தையலைப் பிரித்தாள். சிப்பியும் உப்பும் கலந்த கடற்கரை மண் கொட்டியது. இரண்டாவதையும் கொட்டினாள். மூன்றாவதைத் தூக்கியபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"விசரி, கஞ்சிக்குள்ள மண் விழுது."

அஜந்தா வாளியோடு படியேறி வந்தாள். அதே பதினேழு வயது, அதே இரட்டைப் பின்னல். கஞ்சியில் ஆவி பறந்தது.

"எங்கயக்கா போனனீ?"

"கியூ நீளம்." அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கென்ன, நரைச்சுப் போச்சு? சரி, சொல்லு. எத்தினை அறை?"

"நாலு" என்றாள் வசந்தினி. சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். சரியாகச் சொன்னதற்கும் ஒரு குட்டு விழுந்தது.

வாளிக் கஞ்சி தெரு முழுவதற்கும் காணும்படி வந்தது. வீட்டுக்காரர் மூன்று கோப்பை குடித்தார். திங்கட்கிழமை பார்த்தால் பங்கர் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. கூறைத் துண்டுகள் தோய்த்துக் கொடியில் காய்ந்தன. பிரெஞ்சு வகுப்பில் பதியப் போனபோது, அலுவலகப் பெண் ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்ற பிறந்த ஆண்டையும் அஜந்தாவின் முகத்தையும் இரண்டு தரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். ஆறு வயது லக்சனா அவளைப் பெரியம்மா என்றே கூப்பிடுகிறாள். காலையில் மூவரும் மெட்ரோவில் போகிறார்கள். வசந்தினி இப்போது கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறாள்.