மேல்வீட்டு டென்மார்க் பாட்டு

வேணுகா பிறந்த நாளிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். சும்மா அழுகை இல்லை, சுவிஸில் நாங்கள் இருந்த எம்மன்புரூக்கே ஊர் முழுவதும் கேட்கிற அழுகை. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் பூசியாயிற்று, டொக்டரிடமும் காட்டியாயிற்று. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும் என்றார் டொக்டர். அந்த மூன்று மாதத்துக்கும் நீங்களே கொண்டுபோய் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த டொச் மொழி போதவில்லை.

எங்களுக்குக் கீழே ஒடர்மாட் என்ற மனிசி தனியாக இருந்தார். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை அந்தக் கட்டடத்தில் சத்தம் கூடாது, அது சட்டம். என் மகளுக்கு அந்த நேரம்தான் தொண்டை திறக்கும். படியில் என்னைக் கண்டால் மனிசி மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு ஒரு நாள் வீட்டு நிர்வாகத்திலிருந்து என் கணவர் நித்தியானந்தனுக்குப் போன் வந்தது. யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்களாம். இன்னொன்று வந்தால் வீட்டை விட்டு எழும்பவேண்டியதுதானாம்.

"ஆர் சொன்னதெண்டு கேட்டனீங்களோ?"

"கேக்கவேணுமே? கீழ்வீட்டு மனிசிதான், வேறை ஆர்? எங்கடை விசாவுக்கு இன்னொரு வீடு ஆர் தரப்போயினம்? எப்பிடியாவது பிள்ளையைச் சமாளியும் மலர்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சமாளிக்கட்டாம்! அவருடைய தொழிற்சாலை மிஷினுக்காவது நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது.

அந்தக் கிழமைதான் மேல்வீட்டுக்கு றெட்டோ என்ற சுவிஸ்காரன் குடிவந்தான். இசைத்தட்டுக் கடையில் வேலை, தோள்வரை தலைமயிர். அடுத்த நாள் மத்தியானம், வேணுகா உச்சத்தில் கத்திக்கொண்டிருந்த நேரம், மேலே பாட்டு தொடங்கியது. அதைப் பாட்டென்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. கிட்டார் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அதற்கு அடியில் ஒருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பாடுவதுபோல, சொல் ஒன்றும் பிடிபடாமல் பாடிக்கொண்டிருந்தாள். இதுவும் எங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக் கூரையில் நன்றாக இடித்தேன். பாட்டு நின்றது.

உடனே வேணுகா வீரிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு தொடங்கியதும் பிள்ளை அழுகையை நிறுத்தியிருக்கிறாள், நான் ஆத்திரத்தில் அதைக் கவனிக்கவில்லை. கடவுளே, கிடைத்த நிம்மதியை என் கையாலேயே இடித்து நிறுத்திவிட்டேனே!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். கதவைத் திறந்த றெட்டோ என்னைக் கண்டதும் வெளிறிப்போய் மன்னிப்புக் கேட்டான்.

"மூசிக், லவுட்!" என்றேன்.

சத்தமாகப் போடு என்பதுதான் நான் சொல்ல வந்தது. சத்தம் கூடிப்போச்சு என்று அவன் விளங்கிக்கொண்டான். உள்ளே ஓடிப்போய் பிளேயரின் வயரையே பிடுங்கிவிட்டான்.

"நைன், நைன்! லவுட்! பிற்ற!" இல்லை, தயவுசெய்து சத்தமாக என்று கெஞ்சினேன்.

பாவம், அவன் ஸ்பீக்கரையும் தூக்கி அலுமாரிக்குள் வைக்கப் போனான். வேணுகா இன்னும் உரத்துக் கத்தினாள்.

"ஐயோ விசரா, பாட்டைப் போடடா!" என்று தமிழில் கத்திவிட்டு, நானே வயரைப் பிடித்துச் சுவரில் செருகினேன்.

பாட்டு திரும்ப வந்தது. வேணுகா திறந்த வாயோடு அப்படியே நிறுத்தினாள். கண்ணை உருட்டிக் கூரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் குரல் ஏறி இறங்க இறங்க, இவளுடைய இமைகளும் இறங்கின. நானும் றெட்டோவும் அசையவே பயந்து நின்றோம்.

பிறகு அவன் சிடியின் உறையைக் காட்டினான். மங்கிய நீலத்தில் ஏதோ ஒரு படம், கடலோ வானமோ தெரியவில்லை. டென்மார்க்கில் ஒரு றொக் குழுவாம், போன வருசம் வந்த அல்பமாம், கடையில் ஒருவரும் வாங்கவில்லையாம். அவள் என்ன பாடுகிறாள் என்று கையால் கேட்டேன். தோளைக் குலுக்கிச் சிரித்தான். அவனுக்கும் தெரியாதாம்!

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. விழித்தபோது அவனுடைய சோபாவில் இருந்தேன். மடியில் பிள்ளை, காலில் ஒரு கம்பளி. வாசற்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு றெட்டோ வெளியே படியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நல்ல பிள்ளை! அன்று பின்னேரமே அல்பத்தைக் கசற்றில் பதிந்து தந்தான், நடுவில் தகரம் தட்டுவதுபோல வருகிற ஒரு பாட்டை மட்டும் விட்டுவிட்டு.

"இதென்ன, செத்தவீடோ?" என்றார், வேலையால் வந்து அதைக் கேட்ட நித்தியானந்தன்.

"வாயைப் பொத்துங்கோ. பிள்ளை எழும்பினா நீங்கள்தான் தூக்கவேணும்."

அத்தோடு அவரும் ரசிகராகிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு கிழமையாக மத்தியானத்தில் டென்மார்க்காரியைத் தவிர வேறு யாருடைய சத்தமும் இல்லை.

பிறகு ஒரு நாள், சரியாக அந்தச் சத்தம் கூடாத நேரத்தில், மணி அடித்தது. கதவுத் துளையால் பார்த்தால் ஒடர்மாட். பாட்டுக்கும் முறைப்பாடோ? ஓடிப்போய் கசற்றின் சத்தத்தைக் குறைத்தேன். வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன்.

மனிசி வேகமாக ஏதோ சொன்னார். 'பேபி' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. காதைத் தொட்டுக் காட்டினார், கையை விரித்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டார். பிள்ளையின் சத்தத்தைக் காணவில்லை, பிள்ளைக்கு என்ன நடந்தது?

கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோனேன். வேணுகா வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மனிசி குனிந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்து சிரித்தார். அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். முறைப்பாடு செய்தது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த மனிசி இல்லை.

கசற்றின் பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. பிள்ளை முனகினாள். நான் எழும்புமுன் ஒடர்மாட் எழும்பிப் போய், கசற்றைத் திருப்பிப் போட்டுவிட்டு, சத்தம் கூட்டுகிற பொத்தானில் விரலை வைத்தார்.

"லவுட்டர்?"

"யா, பிற்ற," என்றேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு, ஒடர்மாட் அம்மா சத்தத்தைக் கூட்டினார்.