சுவரில் ஏறிய கல்யாணராமன்

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் கல்யாணராமனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் சபா காரியதரிசி ஆகிவிட வேண்டும். அதற்குமுன் ஊரே தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் மூளையும் வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கிரீஷ் என்ற டைரக்டர் படப்பிடிப்புக்கு வீடு கேட்டு வந்தபோது கல்யாணராமன் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"வாடகைகூட வேண்டாம்டா. ஹால் சுவர்ல என் போட்டோ இருக்கணும். கேமராவுல பளிச்சுனு விழணும்."

"உங்க போட்டோவைச் சுத்தித்தான் சார் படமே" என்றான் கிரீஷ். அவன் பொய் சொல்லவில்லை. கதை ஒரு விதவையைப் பற்றியது.

வியாழக்கிழமை காலையில் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். போட்டோவுக்குச் சந்தன மாலை, அடியில் சின்னச் சிவப்பு பல்பு, எதிரே காலியான சாய்வு நாற்காலி. மூலையில் வெளிறிய புடவையில் நடிகை.

"எனக்கு எதுக்குடா மாலை?" என்று கல்யாணராமன் குதித்தார்.

"கேமராவைத் தரையில வச்சிருக்கேன் சார். நீங்க மேலேர்ந்து பார்ப்பீங்க, அந்தம்மா சின்னதாத் தெரிவாங்க. உயிரோட இருந்தப்ப இல்லாத அதிகாரம் இப்ப வந்துடும்."

அதிகாரம் என்று காதில் விழுந்ததும் மனிதர் அடங்கிவிட்டார்.

கிரீஷ் அசடாக இருக்கலாம். அந்த பல்பு கெட்டிக்கார பல்பு. பால்காரர் வாசலில் கும்பிட்டுவிட்டு ஒரு பாக்கெட்டைக் குறைத்துப் போட்டார். மத்தியானம் காக்கைகள் பால்கனியில் வரிசையாக உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருந்தன. கல்யாணராமன் போய் விரட்டினார். அவை அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நம்பாதவர்கள் காக்கைகளிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ராஜரத்தினம், போட்டியிலிருந்து விலகும்படி கெஞ்ச வந்தார். மாலையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், வாய்விட்டு அழுதுகொண்டே இறங்கிப் போய் ஊரெல்லாம் சொன்னார். கல்யாணராமன் அப்போது படக்குழுவின் வேனுக்குப் பின்னால் ஓசி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது சபா கூட்டமல்ல, இரங்கல் கூட்டம். கல்யாணராமன் மனைவி அபயாம்பாளோடு ஆவேசமாக உள்ளே நுழைந்தார்.

"ஷ்ஷ், சத்தம் போடாதீங்க. துக்கம்" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பாராமலே அதட்டினார்.

மேடையில் ராஜரத்தினம், "கல்யாணராமன் ஒரு சங்கீத ஞானி! கொடை வள்ளல்!" என்று தழுதழுத்தார். கல்யாணி ராகத்துக்கும் ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஞானி. பிள்ளையார் சதுர்த்தி வசூலுக்கு வந்தால் விளக்கை அணைத்துவிடும் வள்ளல்.

அபயாம்பாள் அவர் கையைக் கிள்ளினாள். "உசிரோட இருக்கேன்னு சொல்லித் தொலையுங்கோளேன்!"

"சித்த சும்மா இரு. மனுஷன் ரொம்ப நன்னாப் பேசறான்."

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தார்கள். கல்யாணராமனும் எழுந்து, தலையைக் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஞ்சலி முடிந்ததும் ராஜரத்தினத்தைக் காரியதரிசியாக்க ஆதரவு கேட்டார்கள். கைகள் உயர்ந்தன. கல்யாணராமனும் கை தூக்கினார். அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.