சாவு வீட்டுச் சிலிண்டர்

"இதுல எது பாய் சத்தம் போடாது?"

உடையப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று ஜெனரேட்டர்களையும் மாறி மாறி முறைத்தான். பேகம்பூரில் இஷாக்கின் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரியாணிக் கடைக்காரர்கள், பந்தல்காரர்கள். உடையப்பன் தொழில் வேறு. செம்பட்டியில் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன்.

"மூணும் இன்வெர்ட்டர் டைப்புண்ணே. பக்கத்துல நின்னு பேசலாம்."

"பேசுறது யாருக்கு வேணும்? ஒப்பாரி கேக்கணும். என் பழைய மிஷினு போடுற கூச்சல்ல, அழுகுற பொம்பளைக பாதியில எந்திரிச்சுப் போயிர்றாக."

இஷாக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "இந்தச் சின்னது வேணாம். உங்க பெட்டி கம்ப்ரஸர் எடுக்கும்போது மூச்சு வாங்கும். நடுவுல இருக்குறது பெட்ரோல் மட்டும். டேங்க் ரொப்புனா அஞ்சு மணி நேரம். இந்தா இது பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும். வெல கூட. ஆனா வீட்டு சிலிண்டர் ஒண்ணு மாட்டுனா ஒரு நாள் முழுக்க இழுக்கும்."

உடையப்பனின் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கு எரிபொருள் செலவே இல்லையே."

"ஏண்ணே?"

"சாவு வீட்டுல பொணம் எடுக்குற வரைக்கும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாக. சிலிண்டரு சும்மாத்தான பாய் கெடக்கும்."

"ரெண்டையும் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்ததக் குடுங்க. மிஷின்ல கோளாறுன்னா ஒடனே சொல்லணும்," என்றான் இஷாக்.

மூன்றாம் நாளே வாய்த்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் சின்னக்கண்ணு என்ற விதவை செத்துப்போனாள். பெட்டி கேட்டு போன் செய்தவன் மூத்த மகன் ஈஸ்வரன். மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. உடையப்பனுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஈஸ்வரனின் கவலை வேறு. இளையவன் முகேஷ்குமார் குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். நான்கு மணிக்கு வீட்டில் இருப்பான். "அம்மாவக் கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்கண்ணே. பதினாறாம் நாள் என் பங்குத் தோப்ப ஒன் பேருக்கே எழுதித் தாரேன்" என்று இரண்டு வருடம் முன்பு சொல்லியிருந்தான். அம்மா ஓட்டு வீட்டில் தனியாக. ஈஸ்வரன் அடுத்த தெருவில், மாடி வீட்டில். தம்பி விசாரிக்கும்போதெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான்: "தானே பொங்கித் திங்கிறேங்குது. சொன்னாக் கேட்டாத்தான?"

பெட்ரோல் மிஷின் பன்னிரண்டு மணி வரை ஒழுங்காக ஓடியது. உடையப்பன் அதை அணைத்துவிட்டு மற்றதைத் தூக்கி வந்தான்.

"சிலிண்டர் உள்ளயா தம்பி?"

ஈஸ்வரன் சட்டென்று எழுந்தான். "அதெல்லாம் எதுக்குண்ணே? பெட்ரோல்லயே ஓட்டுங்க."

"செத்த நேரம் ஓட்டிப் பாத்துக்கிறேன். ஒண்ணத் திருப்பிக் குடுக்கணும்ல."

சொல்லும்போதே அவன் சமையலறையிலிருந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். குழாயை மாட்டினான். கயிற்றை இழுத்தான். ஒரு முறை, ஐந்து முறை, பத்து முறை. மிஷின் வாயே திறக்கவில்லை.

வாயைத் திறந்தது ஈஸ்வரன்தான். "ஓட்ட மிஷினத் தூக்கிட்டு வந்து சாவு வீட்டுல வெள்ளோட்டம் பாக்குறீகளா? சிலிண்டரு போன மாசம் நாந்தான் மாத்துனேன்."

யாரும் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

உடையப்பனுக்கு ரோஷம் வந்தது. பெட்ரோல் மிஷினை மறுபடி ஓடவிட்டு, இஷாக்குக்கு போன் போட்டான். "பாய், ஒங்க கேஸ் மிஷின் செத்துப்போச்சு. ஊரே கூடிப் பாக்குது."

"தொடாதீங்க. மூணு மணிக்கு மேல நானே வாரேன்."

இஷாக்கின் வண்டி வந்து நின்றபோது மணி மூன்றரை. அதற்குப் பின்னாலேயே மதுரையிலிருந்து வந்த வாடகைக் காரும் நின்றது. முகேஷ்குமார் இறங்கினான்.

பெண்கள் குரலெடுத்தார்கள். ஈஸ்வரன் தம்பியைக் கட்டிப்பிடித்து வீட்டுக்குள் தள்ளப் பார்த்தான். இஷாக் தன் வேலையைப் பார்த்தான். மிஷினைத் தொடவே இல்லை. சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிக் குலுக்கினான்.

"மிஷின் நல்லாத்தாண்ணே இருக்கு. இதுல பொட்டு கேஸ் இல்ல."

"போன மாசம் மாத்துனதாம்ல?" என்றான் உடையப்பன், எல்லோருக்கும் கேட்கும்படி.

எதிர்வீட்டு சுகன்யா ஒப்பாரியை நிறுத்தினாள். "எந்த ஊர்ல மாத்துனாக? கார்த்திகையோட தீந்துபோச்சு அது. ஆறு மாசமா ஆத்தா எங்க வீட்டுலதான் வெந்நி வாங்கிக் குடிச்சுச்சு."

"ஏய், வாய மூடு."

"ஏன் மூடணும்? ஒங்க வீட்டம்மாவக் கேளுங்க. பூன திங்காம மிச்சம் வச்ச சோறுன்னா குடுத்து விடுவாகளே."

ஒப்பாரி மொத்தமாக நின்றுபோனது. ஜெனரேட்டரின் மெல்லிய உறுமல் மட்டும்.

தம்பி அடிப்பான் என்று எதிர்பார்த்து ஈஸ்வரன் தோளைக் குறுக்கிக்கொண்டான். முகேஷ்குமார் அடிக்கவில்லை. நாள் பூராவும் விமானத்தில் சுமந்துவந்த எதையோ இறக்கி வைத்தவன் போல அவன் முகம் தெளிந்தது.

"கேஸ் புக்கு எங்கக்கா?" என்று சுகன்யாவைக் கேட்டான். அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசித் தேதி இருந்த பக்கத்தை போனில் இரண்டு முறை படம் எடுத்தான்.

"அப்ப தோப்பு?" என்றான் ஈஸ்வரன்.

"எந்தத் தோப்பு?"

"ஏலே, நீ மட்டும் என்ன கிழிச்ச? ஆறு மாசத்துல அம்மாகூட எத்தன வாட்டி போன்ல பேசுன?"

"நான் பேசலங்கிறதுக்காகத் தோப்பு ஒனக்கு வந்துராதுண்ணே."

உடையப்பன் இஷாக்கை ஓரமாக இழுத்தான். "பெட்ரோல் மிஷினே போதும் பாய். நமக்கு முக்காவாசி கிராக்கி தனியாக் கெடந்து சாகுற கெழடுகதான். அதுக வீட்டு சிலிண்டர நம்பி எறங்குனா தொழில் படுத்துரும்."

முகேஷ்குமார் டிரைவரைக் கூப்பிட்டான். "இந்த சிலிண்டர டிக்கில ஏத்துங்க. பதினாறாம் நாள் பங்காளிக முன்னால வைக்கணும்."

டிரைவர் அதைச் சுலபமாகத் தூக்கிப்போனார். டிக்கி சாத்தப்படும் வரை முகேஷ்குமார் பார்த்துக்கொண்டே நின்றான். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் உடையப்பனிடம், பெட்டியைக் கொஞ்சம் திறங்க, அம்மா முகத்தைப் பார்க்கணும் என்றான்.