அப்பா சொல்லி அனுப்பியது

பேருந்து நிறுத்தத்திலிருந்து பிக்குணி மடத்துக்கு ஏறும் படிகளில் ஃபோங்யி இருமுறை நின்றாள். முதல் முறை மூச்சு வாங்க. பிரசவமாகி மாதம் ஒன்று தாண்டியிருந்தாலும் இடுப்பில் இன்னும் பலம் வரவில்லை. இரண்டாவது முறை, துணியில் கட்டியிருந்த குழந்தையின் சிவப்புத் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட. காது தெரியக் குழந்தையைத் தூக்கி வந்தால் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் பார்வையிலேயே திட்டு வாங்க வேண்டாம் என்று நினைத்தாள். வாங்கினால்தான் என்ன என்றும் நினைத்தாள். அவர் வாயால் திட்டு வாங்கியே மூன்று வருடமாகிறது.

அப்பா தீவுக்கும் நகரத்துக்கும் இடையே பயணிப் படகு ஓட்டியவர். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கத் தெரியாதவர். முதல் மனைவியை விட்டு வந்த ஒருவனை ஃபோங்யி கட்டிக்கொண்டபோது, "என் வாசலை மிதிக்காதே" என்றார். அவள் மிதிக்கவில்லை. தீவில் அப்பாவோடு இருந்த அக்கா ஷுக்லின்தான் இருவருக்கும் நடுவில் படகேறினாள். ஞாயிறுதோறும் நகரத்துக்கு வருவாள். ஃபோங்யி சமைத்ததைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோவாள். அடுத்த ஞாயிறு பாத்திரம் காலியாக வரும். கூடவே அப்பாவின் வார்த்தையும் வரும். முதலில் "ம்" என்றாராம். பிறகு முள்ளங்கிப் பணியாரத்தில் உப்பு அதிகம் என்றாராம். வயிறு பெரிதான பிறகு, "மாடிப்படி ஏறாம இருக்கச் சொல்லு" என்றாராம். அன்று ஃபோங்யி அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

பிறந்தது பெண். பிள்ளை பிறந்ததைச் சொல்லும் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளைத் தீவுக்குக் கொடுத்தனுப்பினாள். அப்பா பெயர் சொல்லி அனுப்பினார், ஹோய்சிங் என்று. கடலும் விண்மீனும் சேர்ந்த பெயர். படகோட்டிக்கு வேறென்ன தோன்றும் என்று அவள் கணவன் கின்ஸாங்கிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பெயர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"மாசம் நிறையட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம்" என்பது கடைசியாக வந்த வார்த்தை. நேற்று முன்தினம் அக்கா ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள், மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் குழந்தையோடு வா என்று. அம்மாவின் நினைவுப் பலகை இந்த மடத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் முன்னால் வைத்துத்தான் பேத்தியைக் கையில் வாங்குவேன் என்று அப்பா சொல்லியிருப்பார். அவர் புத்தி அப்படித்தான் போகும்.

கூடத்தின் கடைசி மேசையில் ஷுக்லின் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறச் சட்டை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"வந்துட்டியா? படி ஏற முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. அப்பா எங்கக்கா? மேல அம்மாகிட்டயா?"

ஷுக்லின் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். "மொதல்ல உக்காரு. அவளை இப்படிக் குடு. அம்மாடி, என்ன கனம்! பாலா குடிக்கிறா, இவ என்ன ஈயமா குடிக்கிறா?"

"அவங்க தாத்தா மாதிரி. பசிச்சா ஊரைக் கூட்டிடுவா. நீ என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா சாம்பல் கலர்ல வந்திருக்க? நான் பாரு." ஃபோங்யி தன் கருஞ்சிவப்புச் சட்டையின் கையை நீட்டிக் காட்டினாள். "கல்யாணத்துக்கு எடுத்தது. இப்பத்தான் மறுபடியும் பொத்தான் போட வருது."

"துவைச்சது காயல" என்றாள் ஷுக்லின்.

மேசையில் மூன்று கிண்ணங்கள். சுவரோரத்து நாற்காலிக்கு எதிரே இருந்ததில் சோறு ஏற்கெனவே கூம்பாக வைத்திருந்தது. பக்கத்தில் தேநீரும் ஊற்றியிருந்தது.

"அப்பாவுக்கு இப்பவே போட்டாச்சா? ஆறிடப்போவுதுக்கா. ஆறின சோத்தைக் கண்டா கிண்ணத்தைத் தள்ளிவிடுவாரே."

அக்கா பதில் சொல்வதற்குள் பிக்குணி ஒருவர் சூப்புப் பானையோடு வந்தார். மொட்டைத் தலை, முழங்கைவரை சுருட்டிய பழுப்பு அங்கி. சூப்பை வைத்தவர், குழந்தையின் சிவப்புத் தொப்பியையும் ஃபோங்யியின் சட்டையையும் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, ஷுக்லினைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்.

தாமரைக் கிழங்கும் வேர்க்கடலையும் போட்ட சூப். பூண்டு வெங்காயம் மடத்து வாசற்படியைத் தாண்டாது, என்றாலும் சூப்புக்கு எங்கிருந்தோ ஒரு ருசி வந்திருந்தது. ஒரு மாதமாகப் பிரசவப் பத்தியமென்று பன்றிக்காலும் இஞ்சியும் புளிக்காடியுமாகக் குடித்துக் காய்ந்திருந்த நாக்குக்கு அது மழை மாதிரி இருந்தது. அடுத்து, சோயாத் தோலை மடித்துப் பொரித்த பொய் வாத்து வந்தது.

"வாத்தே வேணாம்னு தலைய மழிச்சாச்சு. அப்புறம் எதுக்குக்கா வாத்து மாதிரியே, மேல தோலு மொறுமொறுன்னு வேற?"

"சத்தமாப் பேசாதடி. காதுல விழும்."

"விழட்டுமே. நல்லா இருக்குன்னுதானே சொல்றேன்." அவள் சாப்பிடவில்லை. ஓரத்தில் நன்றாகச் சிவந்திருந்த துண்டாகத் தேடியெடுத்துச் சுவரோரத்துக் கிண்ணத்தில் வைத்தாள். "இந்த ஓரம்தான் அப்பாவுக்குப் பிடிக்கும். வந்து பாக்கட்டும், யாரு வச்சதுன்னு கேக்கட்டும். நீ சொல்லாதே. நானே சொல்லிக்கிறேன்."

ஷுக்லின் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தூங்கும் குழந்தையைத் தட்ட வேண்டியதில்லை.

காளான் வந்தது. கறுப்பு அவரை போட்ட பாகற்காய் வந்தது. வெண்பூசணி வந்தது. பல காய்களும் சேமியாவும் கலந்த பெரிய தட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஃபோங்யி முதல் துண்டை எதிர்க் கிண்ணத்துக்கு எடுத்துவைத்தாள். சோறு தெரியாமல் குவிந்துவிட்டது. அக்கா மட்டும் ஒரு வாய்கூட உருப்படியாகச் சாப்பிடவில்லை.

"அப்பா மேல என்னக்கா இவ்வளவு நேரம்? மூணு வருஷக் கதையையும் அம்மாகிட்டச் சொல்லிட்டிருக்காரா?"

"சாப்பிடு" என்றாள் ஷுக்லின்.

கடைசியாகப் பிக்குணி கொண்டுவந்தது வெந்த சோயாக்கட்டி. வெள்ளையாக, மேலே ஒன்றும் தூவாமல் இருந்தது. தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இதோட உங்க மேசைக்கு எல்லாம் வந்தாச்சும்மா."

"இன்னும் ரெண்டு இருக்கே அம்மா" என்றாள் ஃபோங்யி சிரித்தபடி. "மாசம் நிறைஞ்ச பிள்ளைக்கு விருந்து. ஒம்பது தட்டாச்சே."

பிக்குணி விழித்தார். "இந்த மேசைக்கு ஏழுதானே சொல்லியிருந்தீங்க? காலைல ஓதல் முடிஞ்சதும் இவங்கதான்..." அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கைகளைக் கூப்பினார். சுவரோரத்து நாற்காலியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். பிறகு ஃபோங்யியையும் பார்த்துத் தாழ்த்தினார். போய்விட்டார்.

ஃபோங்யி மேசையைப் பார்த்தாள். ஏழு. அம்மா போனபோது இதே கூடத்தில் ஏழு வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவள் எந்த விருந்திலும் ஏழு தட்டைக் கண்டதில்லை. சாவுச் சாப்பாட்டுக்குத் தவிர யாரும் ஏழு வைக்கமாட்டார்கள்.

"எப்போ?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு ஏழாவது ஏழு, அப்பா போய் நாப்பத்தொம்பது நாள். துக்கம் முடியுது. முடிஞ்சதும் சொல்லிடணும்னுதான்டி வரச் சொன்னேன். நீ சிவப்புல வந்து நின்னியா, எனக்கு வாயே வரல."

ஏழாவது ஏழு என்றால் குழந்தை பிறப்பதற்கு முன்பே. ஃபோங்யிக்குக் கணக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"மூளைல ரத்தம் கட்டிடுச்சு. ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கிடந்தாரு" என்றாள் ஷுக்லின். "வயித்துப் பிள்ளைக்காரிய எப்படிடி சாவுக்குக் கூப்பிடறது? பிள்ளைக்கு ஒண்ணு ஆனா? பெத்தப்புறம் சொல்லலாம்னா பேறு மாசம். பேறு மாசத்துல அழுதா கண்ணு போயிடும்னு உனக்கே தெரியும். எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க."

"எல்லாரும்னா? அவருக்கும் தெரியுமா?"

"கின்ஸாங்தான் என்னோட சேர்ந்து பெட்டியைத் தூக்கினாரு."

பெயரைக் கேட்டு அவன் சிரிக்காதது நினைவுக்கு வந்தது. பெயர்.

"அப்போ பேரு?"

ஷுக்லின் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். "அப்பா இருந்திருந்தா இப்படித்தான் வச்சிருப்பாரு."

"நீ வச்சியா?"

"நல்ல பேருதானேடி."

"குடு அவளை." குரலைக் கேட்டுப் பக்கத்து மேசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோங்யி எழுந்து மேசையைச் சுற்றிப் போய்க் குழந்தையை வாங்கித் துணியில் கட்டினாள். "சிவப்பு முட்டை?"

"கல்லறைல வச்சேன். சத்தியமா வச்சேன்."

"அதுக்கு முன்னாடி? உயிரோட இருக்கறப்போ? முள்ளங்கிப் பணியாரம்?"

ஷுக்லின் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"உப்பு அதிகம்னு சொன்னாரே! அடுத்த வாரம் குறைச்சுப் போட்டேனே!"

"தொடமாட்டேன்னுட்டாருடி. உன் பாத்திரம்னு தெரிஞ்சா கடல்ல வீசுவேன்னாரு. திருப்பிக் கொண்டாந்தா உன் மூஞ்சியை எப்படிப் பாக்கறது? படகுலயே உக்காந்து நான்தான் தின்னேன். வாராவாரம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உப்புக் கரிச்சது மட்டும் நெஜம்."

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்து உருண்டிருப்பார்கள்.

"மாடிப்படி ஏறாதேன்னு?"

"நான்தான்."

"மாசம் நிறையட்டும், வரட்டும்னு?"

"அதுவும்."

"நான் வந்திருப்பேன்க்கா" என்றாள் ஃபோங்யி. "அந்த வயித்தைத் தூக்கிட்டே வந்திருப்பேன். கதவைச் சாத்தியிருப்பாரு. வாளித் தண்ணிய மேல ஊத்தியிருப்பாரு. ஊத்தட்டுமே! நான் அவரைப் பாத்திருப்பேன்ல? நீ பொறுத்துக்கோன்ன. நானும் இவரு கனிஞ்சிட்டாரு, கனிஞ்சிட்டாருன்னு வீட்ல உக்காந்து பணியாரம் சுட்டுட்டிருந்தேன். என்னை உக்கார வச்சது நீ."

அவள் படியிறங்கினாள். பின்னாலேயே ஷுக்லின் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"நில்லுடி! ஒண்ணே ஒண்ணு. இது நெஜம். ஆஸ்பத்திரில ரெண்டாவது நாள் கண்ணு முழிச்சாரு. உன்னைக் கேட்டாரு. பிள்ளை பொறந்துடுச்சான்னாரு. அவளைக் கூட்டிட்டு வான்னாரு. நாலே ஸ்டாப் தள்ளித்தான் உன் வீடு. நான் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டேன். சாவுக்கட்டில் பக்கத்துல வயித்துப் பிள்ளைக்காரி... பயந்துட்டேன். திரும்பிப் போய், நாளைக்கு வருவான்னு சொன்னேன்."

ஃபோங்யி நின்றாள். அப்பா அவளுக்கென்று நிஜமாகச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் அக்கா கொண்டுவரவில்லை. மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்தாள்.

அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது, இதுவும் அக்கா கட்டியதுதானோ என்று. வந்த பிறகு போகவில்லை.

மிச்சப் படிகளையும் இறங்கியபோது பேருந்து நிறுத்தத்தில் வண்டி வந்து நின்றது. ஏறியவள் படியிலேயே திரும்பினாள்.

"கேட்டாருன்னியே. என்ன சொல்லிக் கேட்டாரு? என்னை என்னன்னு கூப்பிட்டாரு?"

ஷுக்லின் வாயைத் திறந்தாள். அவள் கண்கள் லேசாக மேலே போய், எங்கோ ஒரு மரக்கிளையில் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிப் பாத்திரத்தை நீட்டிவிட்டு, "அப்பா சொன்னாரு" என்று தொடங்குமுன் அவள் இப்படித்தான் உத்தரத்தைப் பார்ப்பாள். அப்பா சொன்னதைச் சொல் மாறாமல் ஞாபகப்படுத்திக்கொள்கிறாள் என்று நம்பி ஃபோங்யி இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

"'சின்னது'ன்னாரு" என்றாள் ஷுக்லின். "'சின்னது எங்கே'ன்னாரு. நெஜமாடி. இது நெஜம்!"

அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அது அக்காவுக்கும் தெரியும்.

"உள்ள போங்கம்மா, கதவைச் சாத்தணும்" என்றார் ஓட்டுநர்.

அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கு வெளியே அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். ஃபோங்யி அவள் வாயைப் பார்க்காமல் குழந்தையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.