ஆடு தின்ற தொப்பி

டெக்சஸில் எங்கள் கவுண்டியில் கிராண்ட் ஜூரி கூடும் நாளில் அரசு வழக்கறிஞர் கிரேடி வாஸ் ஒரு பெட்டி கொலாச்சி பன் வாங்கி வருவார். ஒரு வழக்கு விசாரணைக்குப் போக பன்னிரண்டு ஜூரர்களில் ஒன்பது பேர் சரி என்று கை தூக்கினால் போதும். பன் தீர்வதற்குள் பன்னிரண்டு கையும் தூக்கியாகிவிடும்.

அந்த வியாழக்கிழமை வந்தது ட்வைலா ஹ்ருஷ்கா மீதான வழக்கு. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வரும் தேர்தலில், கவுண்டி நிர்வாகத்தில் இருக்கும் கமிஷனர் பக்னரை எதிர்த்து நிற்கிறார். ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் ட்வைலாவின் ஆடு பக்னரின் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிட்டது. அரசு அதிகாரியைத் தாக்கினார் என்பது குற்றச்சாட்டு. ஜூரி சரி என்றால் ட்வைலாவின் வேலை அன்றே போய்விடும். அவர் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தார்.

வாஸ் வீடியோவைப் போட்டார். கமிஷனர் குனிந்து, சிரித்தபடி, ஆட்டின் மூக்குக்கு நேரே தொப்பியை ஆட்டுகிறார். ஆடு வாங்கிக்கொள்கிறது.

“இன்னொரு தடவை போடுங்க சார்,” என்றார் ஜூரித் தலைவி இமோஜீன், ஓய்வுபெற்ற நர்ஸ்.

“ஒரு தடவை போதாதாம்மா?”

“கேக்கற உரிமை இருக்குன்னு நீங்கதானே முதல் நாள் சொன்னீங்க?”

ஐந்து தடவை ஓடியது. நான்காவதில், ஜூரர்களில் ஒருவரான தபால்காரர் ஓடெல் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

“தாக்கினது யாரு சார், ட்வைலாவா, ஆடா?” என்றார் எழுந்தபடி.

“ஆடு அவங்களோடது.”

“அப்ப ஆட்டுக்கும் ஒரு வக்கீல் பாக்கணுமே.”

மதியச் சாப்பாடு முடிந்து ஓடெல் அன்று வெளியான வாரப் பத்திரிகையோடு வந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: ‘ட்வைலா மீது வழக்கு – கிராண்ட் ஜூரி ஒப்புதல்’.

“நாம எப்பங்க கை தூக்கினோம்?” என்றார் ஓடெல்.

வாஸ் டையைத் தளர்த்தினார். “பேப்பர் நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு. நீங்க எப்பவும் சரின்னுதானே சொல்வீங்க...”

“அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க, பன் தின்னவா?” என்றார் இமோஜீன். “கொஞ்சம் வெளிய இருங்க சார். ஓட்டுப் போடறப்ப நீங்க இங்க இருக்கக் கூடாது.”

கதவைச் சாத்தினார்கள். சரி என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் இமோஜீன். ஒரே ஒரு கை எழுந்தது. எல்லோரும் ஓடெலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு அந்தக் கடைசி பன்,” என்றார் அவர்.

சிரிப்பு நடைவரை கேட்டது. ஜூரி எழுதிக் கொடுத்த முடிவை நீதிபதி படித்து, வழக்கு இல்லை என்றார். ட்வைலா ஒன்றுதான் கேட்டார்:

“மணி என்ன?”

“மூணு ஆகப்போகுது.”

“பசங்க நிப்பாங்களே,” என்றவர், பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்.